குத்துச்சண்டைப் பட்டச் சண்டையில் யார் ஜெயிப்பார்? புதிதாகப் பார்க்க வந்தவர்கள் கணித்துப் பழக ஒரு வழி

பெரிய பட்டச் சண்டை ஒன்று அறிவித்த மறுநாளே ஆளாளுக்கு ஒரு பெயரைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். "இவன்தான், ஆறாவது ரவுண்டிலேயே முடிச்சிருவான்." ஏன் என்று கேட்டால், "அவன் அடி அப்படி" என்பதோடு பேச்சு நின்றுவிடும். குத்துச்சண்டைக்குப் புதிதாக வந்தவர்கள் இதைக் கேட்டுவிட்டு, யார் சத்தமாகச் சொல்கிறாரோ அவர் பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். அப்படிச் சாய வேண்டாம். நீங்களே கணிக்கலாம், ஒரு வாரம் மாலை நேரத்தை ஒதுக்கினால் போதும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது பந்தயம் கட்டுவதற்கான வழி இல்லை. சண்டையை நன்றாகப் பார்ப்பதற்கான வழி. கணிப்பை எழுதி வைத்துவிட்டு உட்கார்ந்து பாருங்கள், அதே சண்டை வேறு மாதிரி தெரியும். சும்மா அடிதடியாகத் தெரிந்தது, இரண்டு பேர் ஒரு இடத்துக்காகப் போராடுவதாகத் தெரிய ஆரம்பிக்கும். நான் வருடக்கணக்காக ஒரு நோட்டில் எழுதி வருகிறேன், அந்தப் பழக்கத்தில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே சொல்கிறேன். யார் பலசாலி என்பதை விட்டுவிடுங்கள். எந்தத் தூரத்தில் சண்டை நடக்கும், அந்தத் தூரத்தை யார் முடிவு செய்வார்? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் அதன் பின்னால் வரும்.

முதலில் சண்டையின் விவரம்

ஆண்கள் பட்டச் சண்டை 12 ரவுண்டு, ரவுண்டுக்கு 3 நிமிடம், நடுவில் 1 நிமிடம் ஓய்வு. பெண்களுக்குப் பெரும்பாலும் 10 ரவுண்டு, 2 நிமிடம். பட்டம் தரும் பெரிய அமைப்புகள் நான்கு: டபிள்யூபிசி, டபிள்யூபிஏ, ஐபிஎஃப், டபிள்யூபிஓ. எடைப் பிரிவுகள் பொதுவாக 17, 105 பவுண்டில் ஆரம்பித்து 200 பவுண்டைத் தாண்டிய ஹெவிவெயிட் வரைக்கும். எந்தப் பிரிவில் சண்டை, இருவரும் அங்கேயே இருந்தவர்களா, ஒருவர் கீழிருந்து ஏறி வருகிறாரா, மேலிருந்து எடை குறைத்து இறங்குகிறாரா என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தத்தில் என்ன பேசி முடித்தார்கள் என்ற செய்தி வந்தால் அதையும் விடாதீர்கள். 1987 ஏப்ரலில் மார்வின் ஹேக்லரோடு மோத வந்த சுகர் ரே லெனர்ட் கிட்டத்தட்ட மூன்று வருடம் சண்டையே போடாதவர். ஆனால் பேச்சுவார்த்தையில் 15 ரவுண்டுக்குப் பதில் 12 ரவுண்டு, பெரிய ரிங், கனமான கையுறை என்று மூன்றையும் கேட்டு வாங்கிக்கொண்டார். மூன்றுமே நகர்ந்து ஆடுகிறவருக்குச் சாதகம். தனக்கு வேண்டிய தூரத்தை லெனர்ட் மணி அடிப்பதற்கு முன்பே பாதி வாங்கிவிட்டார் என்பதுதான் என் கருத்து. சண்டை நடுவர்களின் பிளவு முடிவில், அதாவது இரண்டு நடுவர் அவருக்கும் ஒருவர் எதிரிக்கும் கொடுத்ததில், அவருக்குப் போனது, இன்றைக்கு வரைக்கும் அதைப் பற்றி வாக்குவாதம் ஓயவில்லை.

சாதனைக் கணக்கைப் படிப்பது

ஒரு வீரரின் பெயருக்குப் பக்கத்தில் 30-0, அதாவது 30 வெற்றி, தோல்வியே இல்லை என்று பார்த்ததும் மயங்கிவிடாதீர்கள். அந்த 30 பேர் யார் என்று பாருங்கள். கடைசி ஐந்து எதிரிகளை எடுத்து, அவர்கள் உச்சத்தில் இருந்தபோது மோதினாரா, அவர்களுக்கு வயதான பிறகு மோதினாரா, அவர்கள் எந்தப் பாணிக்காரர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். நாக் அவுட் எண்ணிக்கையை விட, அந்த நாக் அவுட்டுகள் எந்த ரவுண்டில் வந்தன என்பது முக்கியம். எல்லாம் முதல் மூன்று ரவுண்டிலேயே முடிந்திருந்தால் அவர் பயங்கரமான ஆள்தான், ஆனால் ஒன்பதாவது ரவுண்டில் அவர் எப்படி இருப்பார் என்பதை இதுவரை யாரும் பார்த்ததில்லை என்றும் அர்த்தம்.

அப்புறம் எல்லோரும் விழும் ஒரு பள்ளம் இருக்கிறது. "அ, ஆவைத் தோற்கடித்தான், ஆ, இயைத் தோற்கடித்தான், அதனால் அ, இயைத் தோற்கடிப்பான்" என்ற கணக்கு. குத்துச்சண்டையில் இது செல்லாது, அதற்கு 1974 அக்டோபர் 30 அன்று ஆப்பிரிக்காவின் கின்ஷாசாவில் முகமது அலியும் ஜார்ஜ் ஃபோர்மனும் மோதிய சண்டையைவிட நல்ல பாடம் கிடையாது. ஜோ ஃப்ரேசியர் 1971-இல் முகமது அலியைத் தோற்கடித்தார். கென் நார்ட்டன் 1973-இல் அலியின் தாடையை உடைத்துத் தோற்கடித்தார். அந்த ஃப்ரேசியர், நார்ட்டன் இருவரையும் ஜார்ஜ் ஃபோர்மன் ஆளுக்கு இரண்டு ரவுண்டில் முடித்துவிட்டார். கணக்குப்படி பார்த்தால் அலி நிற்கவே முடியாது. வயதும் அலிக்கு 32, ஃபோர்மனுக்கு 25. நடந்தது என்ன? எட்டாவது ரவுண்டில் ஃபோர்மன் கீழே கிடந்தார்.

ஏன் என்பதுதான் நமக்கு வேண்டியது. ஃப்ரேசியரும் நார்ட்டனும் முன்னால் வந்து சண்டை போடுகிறவர்கள், ஃபோர்மனின் கை எங்கே பலமாக விழுமோ அங்கேயே போய் நின்றார்கள். அலி கயிற்றில் சாய்ந்து, கைகளால் மூடிக்கொண்டு, தலையைப் பின்னால் இழுத்து, கிட்ட வந்தால் கழுத்தைப் பிடித்து அழுத்தி, ஃபோர்மனைக் களைக்க வைத்தார். அதற்கு முந்தைய மூன்று பட்டச் சண்டைகளில் ஒன்றில்கூட ஃபோர்மன் இரண்டு ரவுண்டைத் தாண்டியதில்லை. 40-0 என்ற எண்ணை வெறுமனே பார்த்தவர்களுக்கு அது பலம், அதையே ரவுண்டு வாரியாகப் பிரித்துப் படித்தவர்களுக்கு அதிலேயே எச்சரிக்கையும் இருந்தது.

பழைய சண்டைகளைப் பார்ப்பது (இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும்)

ஒவ்வொருவருக்கும் இரண்டு சண்டைகள் போதும். ஒன்று சுலபமாக ஜெயித்தது, இன்னொன்று திணறியது. ஜெயித்த சண்டைகளின் துண்டுக் காட்சிகளை மட்டும் பார்த்துக் கணிக்கிறவர்கள்தான் அதிகம், அதில் எல்லா வீரரும் மாவீரராகத்தான் தெரிவார். திணறிய சண்டையில்தான் ஆள் யார் என்று தெரியும். பார்க்கும்போது சத்தத்தை அணைத்துவிடுங்கள். வர்ணனையாளர் ஒருவர் பக்கம் உற்சாகமாகப் பேசினால் உங்கள் கண்ணும் அந்தப் பக்கமே போகும். கூட்டத்தின் ஆரவாரமும் அப்படித்தான், கையுறையில் பட்ட குத்துக்குக்கூட அரங்கம் அதிரும்.

முதல் பார்வையில் தலையையும் கையையும் பார்க்காதீர்கள், காலைப் பாருங்கள். யார் பின்வாங்குகிறார், நேராகப் பின்னால் போகிறாரா, பக்கவாட்டில் விலகுகிறாரா? நேராகப் பின்னால் போகிறவர் நாலு அடியில் கயிற்றைத் தொட்டுவிடுவார், அப்புறம் போக இடம் இல்லை. குத்து விட்ட பிறகு கால் சரியான இடத்துக்குத் திரும்புகிறதா, இல்லை உடம்பு முன்னால் சரிந்து கிடக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது பார்வையில் ஜேப். முன்கையை நேராக நீட்டும் அந்தச் சின்னக் குத்துதான் தூரத்தை அளக்கும் கோல். ஜேப் விட்ட கை அதே வேகத்தில் முகத்துக்குத் திரும்புகிறதா, இல்லை இடுப்பு வழியாகச் சோம்பலாகத் திரும்புகிறதா? சோம்பலாகத் திரும்பினால் அதன் மேல் எதிரியின் வலது கை வந்து விழும். 1990 பிப்ரவரி 11 டோக்கியோ சண்டையைத் தேடிப் பாருங்கள். மைக் டைசன் அப்போது 37-0, பஸ்டர் டக்ளசுக்கு 42-க்கு 1 என்றுதான் பந்தய விகிதம் கொடுத்தார்கள், அதாவது அவர் ஜெயிப்பார் என்று கிட்டத்தட்ட யாரும் நம்பவில்லை. ஆனால் முதல் ரவுண்டிலிருந்தே டக்ளசின் நீளமான ஜேப் டைசனின் முகத்தில் போய்ப் போய் நிற்கிறது. டைசன் உள்ளே நுழைந்தால்தான் டைசன், அன்றைக்கு அவரால் நுழைய முடியவில்லை. எட்டாவது ரவுண்டில் டக்ளசை ஒரு தடவை விழ வைத்தார், அவர் எழுந்து வந்து பத்தாவது ரவுண்டில் கதையை முடித்தார்.

அதே சண்டையில் இன்னொன்றும் உண்டு. டைசனின் கண் வீங்கி மூடிக்கொண்டு வருகிறது, ஆனால் வீக்கத்தை அழுத்தும் குளிர்ந்த இரும்பு அவருடைய மூலையில், அதாவது ஓய்வில் அவரைக் கவனிக்கும் பயிற்சிக் குழுவிடம், இல்லை. ரப்பர் கையுறைக்குள் ஐஸ் தண்ணீரை ஊற்றிக் கட்டிக் கண்ணில் வைத்து ஒற்றுகிறார்கள். உலகச் சாம்பியனின் மூலையில்! அதனால்தான் சொல்கிறேன், ரவுண்டுக்கு நடுவே விளம்பரம் வராத பதிவாகத் தேடி எடுத்து அந்த ஒரு நிமிட ஓய்வையும் பாருங்கள். பயிற்சியாளர் ஒரே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்கிறாரா, மூன்று பேர் ஒரே நேரத்தில் கத்துகிறார்களா, வீரர் கேட்கிறாரா, எங்கேயோ பார்க்கிறாரா? கணிப்பில் இதற்கு நான் நல்ல எடை கொடுப்பேன்.

மூன்றாவது பார்வை, அடி வாங்கிய பிறகு என்ன செய்கிறார் என்பதற்கு. சிலர் கட்டிப் பிடிப்பார்கள், அது புத்திசாலித்தனம். சிலர் கோபத்தில் உடனே திருப்பி வீசுவார்கள், ரசிகர்களுக்குக் கொண்டாட்டம், அவருக்கு ஆபத்து. ஏழாவது ரவுண்டுக்குப் பிறகு வாய் திறந்து மூச்சு வாங்குகிறாரா, முன்பு கன்னத்தை ஒட்டி இருந்த கை இப்போது மார்புக்கு இறங்கிவிட்டதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பாணிக்குப் பாணி

இப்போது இருவரையும் ஒன்றாக வைத்துப் பார்க்கலாம். மொத்தத்தில் மூன்று வகை: தூரத்தில் நின்று ஜேப்பில் ஆடுகிறவர், அழுத்திக்கொண்டே முன்னால் வருகிறவர், எதிரி வீசக் காத்திருந்து திருப்பி அடிக்கிறவர். நல்ல வீரர்கள் இரண்டைக் கலப்பார்கள், ஆனால் நெருக்கடி வந்தால் எல்லோரும் தன் பழைய வழிக்கே திரும்புவார்கள். அந்தப் பழைய வழி எது என்று எழுதுங்கள்.

பழக்கம் எப்படி விலை வைக்கும் என்பதற்கு மேனி பாக்கியாவ், ஹுவான் மானுவல் மார்க்கெஸ் நான்காவது சண்டை. அதற்கு முன் 2004, 2008, 2011 என்று மூன்று தடவை, மொத்தம் 36 ரவுண்டு மோதியவர்கள், யாரும் யாரையும் நாக் அவுட் செய்ததில்லை. 2012 டிசம்பரில் ஐந்து ரவுண்டு முடிந்தபோது மூன்று நடுவர்களின் தாளிலும் பாக்கியாவ் 47-46 என்று முன்னால். ஆறாவது ரவுண்டில் இன்னும் ஒரே ஒரு விநாடிதான் பாக்கி. பாக்கியாவ் பாய்ச்சல் காட்டி, முன்னால் தாவி உள்ளே வருகிறார், வருடக்கணக்காக அவர் வரும் அதே வழியில். மார்க்கெசின் வலது கை அங்கே முன்கூட்டியே போய் நிற்கிறது. பாக்கியாவ் முகம் குப்புற விழுந்தார், ரெஃப்ரி பத்து வரை எண்ணவே தேவைப்படவில்லை. அன்றைக்கு முன்னணியில் இருந்தவரைத்தான் பலர் கணித்திருந்தார்கள். ஆனால் காத்திருந்து அடிக்கிறவருக்கு ஒரு வீரரின் பழக்கத்தைப் படிக்க 36 ரவுண்டு கிடைத்திருக்கிறது என்பதையும் கணிப்பில் சேர்த்திருக்க வேண்டும்.

ஒருவர் இடது கைக்காரர் என்றால், அதாவது சவுத்பா என்றால், ஒரு வேலை கூடுதல். வழக்கமாக நிற்கிறவருக்கு இடது கால் முன்னால், சவுத்பாவுக்கு வலது கால் முன்னால், அதனால் இரண்டு பேரின் முன்கால்களும் ஒன்றை ஒன்று மிதிக்கிற மாதிரி எதிரெதிரே நிற்கும். யாருடைய முன்கால் வெளிப்பக்கம் இருக்கிறதோ அவருடைய பின்கைக்குப் பெரும்பாலும் வழி திறந்திருக்கும். உங்கள் ஆள் இதற்கு முன் எத்தனை நல்ல சவுத்பாக்களோடு மோதியிருக்கிறார் என்று பாருங்கள். ஒருவரும் இல்லை என்றால் அதைத் தடித்த எழுத்தில் எழுதுங்கள்.

எடை, வயது

இது சின்னப் பகுதிதான். சண்டைக்கு முந்தைய நாள் எடை பார்ப்பார்கள். கன்னம் ஒட்டி, உதடு வறண்டு, இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்தால் எடை குறைக்க உடம்பை வருத்தியிருக்கிறார் என்று அர்த்தம், அது கடைசி ரவுண்டுகளில் தெரியும். ஹெவிவெயிட்டில் மேல் வரம்பு இல்லை, அங்கே எண் வேறு கதை சொல்லும். ஆண்டி ரூயிஸ் 2019 ஜூனில் மாற்று ஆளாக வந்து ஆண்டனி ஜோஷுவாவை ஏழாவது ரவுண்டில் சாய்த்தபோது சுமார் 268 பவுண்டு. டிசம்பரில் மறுசண்டைக்கு 283 பவுண்டில் வந்தார், ஜோஷுவாவோ முன்பைவிட எடை குறைத்து நகர்ந்து ஆடத் தயாராக வந்தார். முந்தைய நாளே இருவரும் தங்கள் திட்டத்தைத் தராசில் காட்டிவிட்டார்கள். ஜோஷுவா 12 ரவுண்டும் தூரத்தில் நின்று புள்ளியில் ஜெயித்தார்.

வயது மெதுவாக வராது, திடீரென்று ஒரு இரவில் வரும். ராய் ஜோன்ஸ் ஜூனியர் 2003 மார்ச்சில் ஹெவிவெயிட் வரைக்கும் ஏறிப் பட்டம் வாங்கினார், மறுபடி 175 பவுண்டுக்கு இறங்கினார், 2004 மே மாதம் அன்டோனியோ டார்வர் அவரை இரண்டாவது ரவுண்டில் வீழ்த்தினார். 35 வயதை நெருங்குகிறவர், அனிச்சை வேகத்தை நம்பி ஆடுகிறவர் என்றால் பழைய சண்டைகளை அளவாக நம்புங்கள்.

நடுவர் தாளைப் புரிந்துகொள்வது

ரிங்குக்கு வெளியே மூன்று நடுவர்கள். ரவுண்டில் ஜெயித்தவருக்கு 10, தோற்றவருக்கு 9. ஒரு தடவை விழுந்தால் வழக்கமாக 10-8. 12 ரவுண்டும் 10-9 என்றே போனால் இரண்டு பேரின் மொத்தமும் சேர்ந்து 228 வரும். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொண்டால் எந்த முடிவைக் கேட்டாலும் உடனே ஒரு கதை புரியும்.

ஒலெக்சாண்டர் உசிக், டைசன் ஃபியூரி மோதிய 2024 மே 18 சண்டையின் தாள்: 115-112 உசிக், 114-113 உசிக், 114-113 ஃபியூரி. மூன்றையும் தனித்தனியாகக் கூட்டிப் பாருங்கள், 227. ஒரு புள்ளி குறைகிறது. அதுதான் ஒன்பதாவது ரவுண்டு. உசிக்கின் குத்துகளில் ஃபியூரி நிலை தடுமாறிக் கயிற்றுக்குக் கயிறு சாய்ந்து போனார், கயிறு தாங்கியதால்தான் விழவில்லை என்று, விழுந்ததற்குச் சமமாக ரெஃப்ரி ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தார். அந்த எண்ணிக்கை இல்லாமல் அது வெறும் 10-9 ஆக இருந்திருந்தால் தாள்கள் 115-113 உசிக், 114-114, 115-113 ஃபியூரி. அதாவது சமன். நான்கு பட்டங்களும் ஒரே ஒரு புள்ளியில் ஒருவர் கைக்கே போய்ச் சேர்ந்தன.

அந்தச் சண்டைக்கு நான் எழுதிய பக்கம் இன்னும் இருக்கிறது. "ஃபியூரி, புள்ளியில். உயரம், கை நீளம், எடை. உசிக்கை எட்ட விடமாட்டார்." நடு ரவுண்டுகளில் நான் எழுதியதுதான் நடந்தது, ஃபியூரி வயிற்றிலும் தாடையிலும் கீழிருந்து குத்திக்கொண்டிருந்தார். ஆனால் நான் தூரத்தை மட்டும் எழுதி, அந்தத் தூரத்தை 12 ரவுண்டும் காப்பதற்கு எவ்வளவு உழைப்பு வேண்டும் என்பதை எழுதவில்லை. கால் நிற்காமல் அழுத்துகிற ஆளுக்கு எதிரே பெரிய உடம்பு களைத்தால் நீளமான கையால் பயனில்லை. டிசம்பரில் மறுசண்டைக்கு ஃபியூரி இன்னும் கனமாக, 281 பவுண்டில் வந்தார். இந்தத் தடவை உசிக் என்று எழுதினேன், மூன்று நடுவர்களும் 116-112 கொடுத்தார்கள்.

நெருக்கமான சண்டையில் நடுவர்கள் வேறு வேறு சண்டையைப் பார்த்த மாதிரிகூட எழுதுவார்கள். 2017-இல் கனேலோ, கொலொவ்கின் சண்டைக்கு ஒருவர் 118-110 கனேலோ, ஒருவர் 115-113 கொலொவ்கின், ஒருவர் 114-114. அதனால் உங்கள் ஆள் புள்ளியில் ஜெயிப்பார் என்று கணித்தால், அவருடைய வேலை கண்ணுக்குத் தெரிகிற வேலையா என்று கேளுங்கள். தடுத்து விலகுவது அழகுதான், ஆனால் நடுவர்கள் கண்ணில் முதலில் படுவது தெளிவாக விழும் குத்து.

எழுதுவது

சண்டைக்கு மூன்று நாள் முன்னால் எழுதி முடியுங்கள், முந்தைய நாள் எடை பார்க்கும்போது கண்டதை மட்டும் பிறகு ஒரு வரியில் சேர்த்துக்கொள்ளலாம். அதுவரை பந்தய விகிதங்களைப் பார்க்காதீர்கள், பார்த்தால் உங்கள் கருத்து தானாக அந்தப் பக்கம் நகரும். செய்தியாளர் சந்திப்பில் தள்ளிக்கொள்வது, மேசையைத் தட்டுவது எதையும் கணக்கில் எடுக்க வேண்டாம். பயிற்சியாளரை மாற்றினார், கையில் அடிபட்டது, எதிரி மாறினார் போன்ற செய்திகளை மட்டும் எடுங்கள்.

ஐந்து வரி போதும். யார் ஜெயிப்பார். எப்படி, நாக் அவுட்டா புள்ளியா. எந்த ரவுண்டுகள் யாருக்கு. நூற்றுக்கு எத்தனை உறுதி. ஐந்தாவது வரிதான் முக்கியம்: நான் தவறினால் எதனால் தவறுவேன். "அவர் நான்காவது ரவுண்டுக்குள் உள்ளே நுழைந்துவிட்டால் என் கணிப்பு போச்சு" என்கிற மாதிரி தெளிவாக எழுதுங்கள். நூற்றுக்கு 90 என்று அடிக்கடி எழுத வேண்டாம், பட்டச் சண்டைக்கு வரும் இருவருமே நல்லவர்கள், பல சண்டைகள் 60-க்கு 40 தான்.

சண்டை அன்று அந்தத் தாளைப் பக்கத்தில் வைத்து, ரவுண்டு முடிந்ததும், வர்ணனையாளர் பேசுவதற்குள், உங்கள் புள்ளியைப் போடுங்கள். ஐந்தாவது வரியில் எழுதியது நடந்தால் பக்கத்தில் ஒரு கோடு. முடிவு அறிவித்ததும் நோட்டை மூடிவிடுங்கள், அந்தச் சூட்டில் எதுவும் திருத்த வேண்டாம். மறுநாள் சத்தமில்லாமல் இன்னொரு தடவை ஓட்டி, வேறு நிற மையில் எழுதுங்கள்: ஆள் சரியா, காரணம் சரியா? ஆள் சரியாகிக் காரணம் தவறினால் அதையும் தவறு என்றே எழுதுங்கள்.

அடுத்த பெரிய சண்டை வரும்வரை பழக ஒன்று வேண்டுமென்றால், உசிக், ஃபியூரி முதல் சண்டையின் எட்டாவது, ஒன்பதாவது ரவுண்டுகளை மட்டும் எடுத்து, சவுத்பாவான உசிக்கின் வலது கால் ஃபியூரியின் இடது காலுக்கு எந்தப் பக்கம் இருக்கும்போது எந்தக் கை வருகிறது என்று எண்ணிப் பாருங்கள்.